நடுக்கடலில் ஒரு சராசரி

வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் எழுதுகிற மாதிரியான ஒன்றை நான் முப்பத்திரண்டு வயதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கணவருக்கு போர்ட் பிளேரிலிருந்து மெயின்லாந்துக்கு மாற்றலாகிவிட்டது. மகளுக்கு அங்கே எல்.கே.ஜி.யில் இடம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அங்கே எதுவும் இல்லை, ஆகையால் ராஜினாமா. என் மேசைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் சூப்பரிண்டெண்ட் சார். அவர் மனதில் இருந்தது பீரோ சாவியும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டும். அவற்றைத் தனித் தாளில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய பிறகு சந்தேகம் வந்து பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டிக் கொடுத்துவிட்டேன். இது அதில் அடங்காத மிச்சம்.

நான் எப்படிப்பட்டவள் என்று இதற்குள் தெரிந்திருக்கும். ஜங்லிகாட் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி பாதி வழியில் திரும்பிப் போய், கேஸை மூடினேனா என்று பார்த்துவிட்டு வருகிற ரகம். மகள் எத்தனை வாய் சாப்பிட்டாள் என்று வாரக் கடைசியில் சராசரி போட்டுப் பார்த்து, குறைந்திருந்தால் அம்மாவுக்கு போன் செய்கிற ரகம். தேர்வுப் பிரிவு வேலைக்கு இந்தப் பதற்றம் கெடுதல் என்று சேர்ந்தபோது பயந்தேன். பாதிக்குப் பாதி கெடுதல்தான். மீதிப் பாதியைப் பற்றிச் சொல்கிறேன்.

கிரேடு முறை நம் கல்லூரிக்கு வந்த புதிதில் எல்லோரும் குழம்பினார்கள். மெயின்லாந்தில் இருக்கும் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கையில் மாற்றிவிட்டது. விளக்க வேண்டியது நாங்கள். நூற்றுக்கு இத்தனை என்று கேட்டே பழகிய தீவில், பத்துக்கு இத்தனை புள்ளி இத்தனை என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் மகனின் தாளோடு வந்தார்.

"ஆறு புள்ளி நாலு. நூத்துக்கா மேடம்?"

"இல்ல சார், பத்துக்கு."

"பத்துக்கு ஆறா? எங்க காலத்துல பத்துக்கு ஆறு வாங்கினா முட்டி போட வெப்பாங்க."

நான் விளக்கினேன். ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு கிரேடுப் புள்ளி உண்டு. பேப்பரின் கனத்துக்கு ஏற்ப அதற்கு கிரெடிட் உண்டு. இரண்டையும் பெருக்கி, கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் சராசரி. ஒரு பருவத்துக்கு மட்டும் போட்டால் பருவச் சராசரி, சேர்ந்த நாளிலிருந்து போட்டால் மொத்தச் சராசரி. அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரி மேடம். பையன் அடுத்த வருஷம் போவானா, போக மாட்டானா?" என்றார்.

"போவான் சார்."

"அதை முதல்லயே சொல்லியிருந்தா நான் கடையைத் திறந்திருப்பேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகளை டாக்டரிடம் கூட்டிப்போனால் நானும் அப்படித்தான். அவர் எடை அட்டவணையைக் காட்டி, கோடுகளைக் காட்டி, இவள் வயதுக் குழந்தைகளில் எங்கே நிற்கிறாள் என்று விளக்குவார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்பேன். எண்ணைக் காட்டுகிற யாரும் உங்களிடம் எண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு நம்மிடம் இருக்கும் பதிலுக்குப் பெயர் 'நிலை'. மொத்தச் சராசரி ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் நல்ல நிலை. ஐந்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை நிலை. எச்சரிக்கையில் இருக்கும் பருவத்தின் முடிவிலும் ஐந்தைத் தொடாவிட்டால் ஒரு வருடம் வெளியே இருக்க வேண்டும். ஹாஸ்டல் இடமும் போய்விடும்.

இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு எத்தனை பேரிடமோ சொல்லியிருக்கிறேன். அதன் முழு அர்த்தம் எனக்கே தெரிந்தது மலர்விழி விஷயத்தில்தான்.

மலர்விழி தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பே பெண். பி.காம் இரண்டாம் ஆண்டு. அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுக் குடியேறியவர். ஊரில் எல்லோரும் அவரை ஹவில்தார் சாப் என்பார்கள். இவள் கடைசிப் பெண். முதல் வருடத்தில் ஹாஸ்டல் சாப்பாடு, ஊர் ஏக்கம், ஆங்கிலம் எல்லாமாகச் சேர்ந்து மொத்தச் சராசரியை 4.8-ல் கொண்டுவந்து நிறுத்தின. எச்சரிக்கைக் கடிதத்தை நான்தான் அவள் கையில் கொடுத்தேன். அழுவாள் என்று நினைத்து டம்ளரில் தண்ணீர்கூட வைத்திருந்தேன். அவள் அழவில்லை. தண்ணீரை மட்டும் குடித்தாள்.

"ஒரு வருஷம் வெளியனா, மத்லப் வீட்டுக்கா மேடம்?"

"ஆமா. ஒரே ஒரு வருஷம். அப்புறம் திரும்பிச் சேரலாம்."

"போர்ட் பிளேர் பொண்ணுங்க சேரலாம். எங்கப்பா ஒரு வருஷமெல்லாம் சும்மா வெச்சிருக்க மாட்டாரு. வேலூர்ல மாப்பிள்ளை ரெடியா இருக்காரு. ஜாதகம் பாத்தாச்சு. நான் படிக்கிறேன்ங்கிறதாலதான் நிக்குது."

அதன் பிறகு அவள் உழைத்தாள் என்பதை நான் பார்த்தேன். முக்கியமாக ஸ்டாடிஸ்டிக்ஸில். சராசரி தன்னைக் கவிழ்த்துவிட்டதால் சராசரியையே பிடித்துப் படித்தாளோ என்னவோ, அந்தப் பேப்பரில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆள் இல்லை என்று பேராசிரியரே சொன்னார்.

பருவத் தேர்வில் ஐந்து பேப்பர். நான்கு முடிந்தன. ஐந்தாவதான ஸ்டாடிஸ்டிக்ஸுக்கு முன்னால் விடுமுறைகள் சேர்ந்து நீளமான இடைவெளி. தேர்வுக்கு முந்திய நாள் மதியம், அவளுடைய ஹாஸ்டல் அறைத் தோழி, திக்லிபூர் வங்காளிப் பெண் ஷிப்ரா, என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மேடம், மலர் ஜஹாஸ்ல இருக்கா."

"எந்தக் கப்பல்ல? எதுக்கு?"

"அக்காவுக்கு பேபி பிறந்திச்சு. பார்க்கப் போனா. திரும்ப வர்றப்போ ஜஹாஸ் கார் நிக்கோபார்ல நின்னுடுச்சு. அலை ஜாஸ்தி. ஆளுங்க ஏற முடியல."

"பரீட்சைக்கு நடுவுல கேம்பல் பேக்கு யாராவது போவாங்களா?"

ஷிப்ரா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "டிக்கெட் கிடைச்சிடுச்சு மேடம்."

இது போதுமான பதில் என்பது தீவில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். மெயின்லாந்தில் இருந்து வந்த உங்களில் ஒருவருக்காகச் சொல்கிறேன். தெற்குத் தீவுகளுக்குக் கப்பலில் டிக்கெட் கிடைத்துவிட்டால் போய்விட வேண்டும். எதற்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதெல்லாம் கப்பல் ஏறிய பிறகு யோசிக்கிற விஷயங்கள். டிக்கெட் கிடைத்தும் போகாதவர்களை அவர்கள் வீட்டில்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். மலர்விழி புத்திசாலிப் பெண்தான். ஆனால் கவுண்டரில் சீட்டு இருந்தது, அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அட்டவணையில் திரும்பி வரும் கப்பல் தேர்வுக்கு முன்னாலேயே வந்து சேர்வதாகத்தான் இருந்தது. அட்டவணையை நம்பினாள். சுனாமியில் போன ஜெட்டிகள் முழுசாகத் திரும்பாத அந்த வருடங்களில், வழியில் இருக்கும் கார் நிக்கோபார் தீவில் அலை கொஞ்சம் எழும்பினாலும் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைப் படகில் ஏற்றி இறக்க வேண்டும். அலை அடங்கும் வரை எல்லோருக்கும் காத்திருப்புதான்.

என் மூளை வழக்கம் போல மூன்று திசையில் ஓடியது. தேர்வுக்கு வராவிட்டால் சைபர். அந்த சைபரும் கணக்கில் சேரும். ஆனால் ஒரு வழி உண்டு: முந்திய நாள் அலுவலகம் மூடுவதற்குள் மாணவியே விண்ணப்பித்தால் அந்தப் பேப்பரிலிருந்து விலகலாம். விலகினால் அது கணக்கில் வராது; பின்னால் எழுதிக்கொள்ளலாம். கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது.

சூப்பரிண்டெண்ட் சாரிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர். எதையும் பெரிதுபடுத்த மாட்டார்.

"இதுக்கு எதுக்கு ஓடி வர்றீங்க? விலகல் போட்டுடுங்க. அந்தப் பொண்ணு கையெழுத்துக்குப் பதிலா 'கப்பலில் இருக்கிறார்'னு எழுதி நான் ஒப்பம் போடறேன். கேட்டா நான் பேசிக்கறேன்."

"அவளைக் கேக்க வேண்டாமா சார்?"

"கேட்டா மட்டும் என்ன சொல்லப் போறா? குழந்தைங்க."

அவர் பேனாவைத் திறந்துவிட்டார். நானும் பாதி மனதாகத் தாளை நீட்டிவிட்டேன். அப்போதுதான் என் சந்தேக புத்தி குறுக்கே வந்தது. கப்பல் ஒருவேளை காலையில் வந்துவிட்டால்? அவள் நம்பியிருக்கும் ஒரே பேப்பரை நாமே பிடுங்கி வைத்த மாதிரி ஆகாதா? ஸ்டாடிஸ்டிக்ஸ் இல்லாமல் மற்ற நான்கும் அவளைக் காப்பாற்றுமா? எனக்குத் தெரியாது. நான்கையும் எப்படி எழுதினாள் என்று தெரிந்த ஒரே ஆள் கடலில் இருந்தாள்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார்" என்றேன்.

துறைமுக ரேடியோ அறைக்கு நான் அதுவரை போனதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கப்பலில் போகும்போது அவருடைய அம்மா இறந்துபோய், சேதியை அங்கிருந்துதான் கப்பலுக்குச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் போனேன். உள்ளே இருந்தவர் பெயர் பாண்டியன். தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"பேஷண்ட்டா, டெத்தா, டெலிவரியா?"

"சராசரி."

நிமிர்ந்தார். "என்ன கேஸ்?"

சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தார். "பதினாறு வருஷமா இங்க உக்காந்திருக்கேன் மேடம். கிரேடு கேஸ் இன்னிக்குத்தான் வருது. சீஃப் கேட்டா என்ன சொல்றது?"

"அஞ்சு மணிக்குள்ள அந்தப் பொண்ணு பதில் சொல்லலைன்னா படிப்பு போயிடும் அண்ணே."

"டீக் ஹை. ஆனா ரேடியோல கணக்கு கிளாஸ் எடுக்க முடியாது. மூணு வாக்கியம். அதுக்குள்ள சொல்லணும்."

அவர் கப்பலைக் கூப்பிட்டு ஆளைத் தேடச் சொன்னார். அந்த இடைவெளியில் நான் ஒரு பழைய ரசீதின் பின்புறம் எழுதி, அடித்து, எழுதினேன். அப்போது என் கைபேசி அடித்தது. ஜங்லிகாட்டில் என் மகளைப் பார்த்துக்கொள்ளும் சாந்தி அக்கா.

"மஞ்சள் கப் எங்க வெச்சே? பாப்பா அதுலதான் பால் குடிப்பேங்கிறா."

"அக்கா, நான் கப்பலோட பேசிட்டிருக்கேன்."

"யாரோட வேணாலும் பேசு. கப் எங்க?"

கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருப்பதைச் சொன்னேன். பாண்டியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மைக்கை என் பக்கம் தள்ளினார். பித்தானை அழுத்தினால் நான் பேசலாம், விட்டால் அவர்கள் பேசுவது கேட்கும், இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது, முடித்தால் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும் என்றார்.

இரைச்சலுக்குள்ளிருந்து மலர்விழியின் குரல் வந்தது. "மேடம், நீங்களா? ஓவர்."

என் மூன்று வாக்கியங்களைப் படித்தேன். இன்றுவரை நான் சராசரியைப் பற்றிச் சொன்னதிலேயே தெளிவானவை அவைதான்.

"மலர், நீ இன்னிக்கே விலகினா ஸ்டாடிஸ்டிக்ஸ் கணக்குலயே வராது, எழுதின நாலு பேப்பர்ல சராசரி அஞ்சரை வந்தா தப்பிச்சுடுவே. விலகாம நாளைக்கு வந்து எழுதினா, அதுல நீ வாங்கறது மத்த நாலையும் தூக்கிவிடும். விலகாம இருந்து வரவும் முடியலைன்னா சைபர், அப்புறம் அந்த நாலுல ஆறே முக்கால் வேணும். ஓவர்."

அந்தப் பக்கம் பித்தானை யாரோ அழுத்தியே வைத்திருந்தார்கள் போல. கப்பலின் மேல்தளம் முழுவதும் எங்கள் அறைக்குள் வந்தது. யாரோ ஹிந்தியில் என்ன விஷயம் என்று கேட்டார்கள். யாரோ காலேஜ் கேஸ் என்றார்கள். இன்னொருவர் பஞ்சாபிக் குரலில், "சைபர் வேணாம்னு சொல்லு, மகளே" என்று யோசனை சொன்னார். அதற்கு மேலே ஒரு கம்பீரமான தமிழ்க் குரல்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? விலகிடு. நாலும் ஃபர்ஸ்ட் கிளாஸா எழுதியிருக்கேன்னு சொன்னியே. அஞ்சரை தாராளமா வரும். எதுக்கு ரிஸ்க்?"

ஹவில்தார் சாப் கப்பலில் இருக்கிறார் என்று ஷிப்ரா சொல்லவில்லை. மகளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்திருக்கிறார்.

மலர்விழி பேசவில்லை. இரைச்சல் மட்டும்.

"லைன் போயிடுச்சா?" என்று பாண்டியன் குமிழைத் தொட்டார்.

"இல்ல அண்ணே. லைன் இருக்கு."

அந்த மௌனம் எனக்குத் தெரியும். என் மகள் திரைச்சீலைக்குப் பின்னால் பவுடர் டப்பாவோடு நிற்கும்போது அடுத்த அறையிலிருந்து எனக்குக் கேட்கும் மௌனம் அது. இவள் நான்கையும் நன்றாக எழுதவில்லை. அப்பாவிடம் நன்றாக எழுதியதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது விலகுகிறேன் என்று சொன்னால் பொய் தப்பிக்கும், படிப்பு போகும். விலகவில்லை என்று சொன்னால் ஏன் என்று அப்பா கேட்பார்.

"உண்மையில் எப்படி எழுதினாய்?" என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் கேள்வி கப்பல் முழுக்க ஒலிக்கும். அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. கேட்காமல் விட்டால் என் கடமையிலிருந்து தவறுகிறேனோ என்றும் தோன்றியது. இப்படி இரண்டும் தோன்றிக்கொண்டிருக்கும்போது பாண்டியன் கடிகாரத்தைக் காட்டினார்.

பித்தானை அழுத்தினேன். "மலர், எப்படி எழுதினேன்னு நீ எனக்குச் சொல்ல வேண்டாம். விலகறியா இல்லையா, அது மட்டும் போதும். நீ எது சொன்னாலும் நான் அப்படியே செய்யறேன். ஓவர்."

குரல் வந்தது. ஆனால் எனக்கு இல்லை.

"அப்பா, எகனாமிக்ஸ் நல்லா எழுதலை."

பாண்டியனின் பேனா நின்றது.

"என்ன?"

"பிசினஸ் லாவும் சுமார்தான். உங்ககிட்ட சும்மா சொன்னேன். ஸ்டாடிஸ்டிக்ஸ் எழுதினாத்தான் எனக்கு வழி இருக்கு."

கப்பலில் யாரோ யாருக்கோ "எகனாமிக்ஸ் கராப் ஹோ கயா" என்று மொழிபெயர்த்துச் சொன்னது தெளிவாகக் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு பெண் குரல் உச்சுக்கொட்டியது. ஹவில்தார் சாப் கடலில் என்ன முகத்தோடு நின்றாரோ தெரியாது. பேசும்போது குரல் தாழ்ந்திருந்தது.

"கேப்டன் சாப், காலைல போர்ட் பிளேர் போயிடுமா?"

பின்னாலிருந்து வந்த பதிலை நான் மறக்கவே மாட்டேன். "சமுந்தர் சே பூச்சோ, ஹவில்தார் சாப்." கடலைக் கேளுங்கள் என்கிறார். பிறகு, அலை அடங்கிவருகிறது, இருட்டுவதற்குள் கிளம்பப் பார்க்கிறோம், வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

"மேடம், விலகலை. எழுதறேன். ஓவர்."

"நிச்சயமா மலர்? ஓவர்."

"நிச்சயமா மேடம். ஓவர்."

எனக்கு இன்னொரு முறை கேட்க வேண்டும் போல இருந்தது. பாண்டியன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "போதும் மேடம். நீங்க மறுபடி கேட்டா அந்தப் பொண்ணு மாத்திச் சொல்லிடும்."

அலுவலகத்துக்குத் திரும்பியபோது மூட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சூப்பரிண்டெண்ட் சார் விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன சொல்றா?"

"விலகலையாம் சார். எழுதறாளாம்."

"கப்பல் வரலைன்னா?"

"சைபர்."

"இன்னும் டைம் இருக்கு. போட்டுடலாம். நல்லதுக்குத்தானே செய்யறோம்? யோசிச்சுப் பாருங்க, உங்க பொண்ணா இருந்தா என்ன செய்வீங்க?"

"என் பொண்ணா இருந்தா கேக்காமயே போட்டிருப்பேன் சார். அதனாலதான் பயமா இருக்கு. வேண்டாம்."

அவர் பேனாவை மூடினார். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது என்று நினைக்கிறேன். விதிகளை அவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே, அவர்கள் சார்பில் முடிவெடுக்கவும் நமக்குத் தெரியும் என்று கை துறுதுறுக்கும். மூன்று வழியையும் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்த மேசையில் கடினமான வேலை. மற்றதைக் கம்ப்யூட்டரே செய்துவிடும்.

மறுநாள் காலை தேர்வு பத்து மணிக்கு. அரை மணி நேரம் வரை தாமதமாக வரலாம். மணி அடித்த பிறகு நான் தேர்வுக்கூட வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. கண்காணிப்பாளர் இரண்டு முறை வந்து, "யாரையாவது தேடறீங்களா?" என்றார். இரண்டு முறையும், "காத்து வாங்கறேன் சார்" என்றேன்.

கடைசி நிமிடங்களில் ஓர் ஆட்டோ மேட்டில் ஏறி வந்தது. அதிலிருந்து மலர்விழி இறங்கி, காலில் செருப்பு இல்லாமல், ஹால் டிக்கெட்டை வாயில் கவ்விக்கொண்டு ஓடி என்னைத் தாண்டி உள்ளே போனாள். பின்னாலேயே ஹவில்தார் சாப் தேங்காய் மூட்டையோடும் அவளுடைய செருப்போடும் இறங்கினார். ஆட்டோக்காரர் காசு வாங்காமல் முதலில் என்னிடம் கேட்டார்.

"ஸ்டாடிஸ்டிக்ஸ் பொண்ணை உள்ள விட்டாங்களா மேடம்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜெட்டி பூரா தெரியும். ஏணி போட்டதும் கேப்டன் மைக்ல சொல்லிட்டாரு, ஸ்டாடிஸ்டிக்ஸ் லட்கி முதல்ல இறங்கட்டும்னு. ஒருத்தன் அசையலை. ஆடு கொண்டுவந்தவன்கூட ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னான்."

ஹவில்தார் சாப் என்னைப் பார்த்தார். ரேடியோவில் கேட்ட குரல் நான்தான் என்று தெரிந்துகொண்டது போல இருந்தது. மூட்டையிலிருந்து இரண்டு தேங்காயை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

எழுதிவிட்டு வெளியே வந்தவள் முகம் சரியில்லை. "பெஞ்ச் ஆடிட்டே இருந்திச்சு மேடம்" என்றாள். அறையில் இருந்தது ஆடாத பெஞ்ச். ஆடியது அவள்தான். கப்பலில் வந்தவர்களுக்குத் தரை அடங்க நேரமாகும்.

முடிவுகள் வந்த நாளில் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. மேகம் வந்தால் போய்விடும் இணைப்பு அது. மலர்விழியின் பக்கம் திறந்தபோது நான் இரண்டு தரம் பார்த்தேன், பிறகு சூப்பரிண்டெண்ட் சாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாக எழுதவில்லை என்று அழாத குறையாகச் சொன்ன எகனாமிக்ஸில் ஏழு. சுமார் என்ற பிசினஸ் லாவில் ஆறு. மற்ற இரண்டில் ஆறும் ஐந்தும். அவள் நம்பியிருந்த ஸ்டாடிஸ்டிக்ஸில் நான்கு. பாஸாவதற்கு வேண்டிய அளவு, அதைவிட ஒரு சொட்டுகூட அதிகமில்லை. மொத்தச் சராசரி 5.07.

சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார். நான் போட்டுப் பார்த்தேன். விலகியிருந்தால் 5.14.

"நான்தான் சொன்னேனே" என்றார் அவர், மிகவும் மகிழ்ச்சியாக.

இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் மதியம் வரை குழம்பினேன். அவசியமில்லாமல் போயிற்று. ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்த பெண். மதியம் வந்து நின்றவள் கையில் ஏற்கெனவே கணக்கு இருந்தது.

"மேடம், விலகியிருந்தா அஞ்சு புள்ளி ஒண்ணு நாலு."

"ஆமா."

"எகனாமிக்ஸ் அவ்வளவு நல்லா எழுதியிருக்கேன்னு எனக்கே தெரியல. அப்பா முன்னாடி வீணா மானத்தை வாங்கிக்கிட்டேன்."

"வருத்தமா இருக்கா?"

"இல்ல. அன்னிலேருந்து அவர் எங்கிட்ட மார்க் கேக்கறதில்ல. எப்படிப் போச்சுன்னு கேக்கறாரு."

ஆகையால் மாணவர்கள் தங்கள் விடைத்தாளைப் பற்றிச் சொல்வதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நன்றாக எழுதினேன் என்பவர்களும் சரி, எழுதவில்லை என்பவர்களும் சரி, பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் சொல்வது பொய்யில்லை, தெரியாது, அவ்வளவுதான். அன்றைக்கு விலகல் போட்டிருந்தால் எண் கொஞ்சம் அழகாக இருந்திருக்கும். சார் சரி, நான் தப்பு என்றும் சொல்லலாம். அவர் இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஒருவேளை அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கும் அவ்வப்போது தோன்றும். தோன்றியபோதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்வேன்: அந்த 5.14 நாங்கள் வாங்கிக் கொடுத்ததாக இருந்திருக்கும்.

அன்று மாலை தொலைபேசி அடித்தது. கேம்பல் பே இணைப்பில் நம் குரலே நமக்குத் திரும்பிக் கேட்கும். எதிர்முனை பேசக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

"மேடம், மலரோட அப்பா பேசறேன். அவ சொன்னா. நீங்க ஒரு தடவை சொல்லுங்க. அஞ்சுக்கு மேலயா?"

"மேலதான் சார்."

"எவ்வளவு மேல?"

"கொஞ்சம்தான். புள்ளி பூஜ்யம் ஏழு."

"அது போதுமா?"

"போதும் சார். எச்சரிக்கை எடுத்தாச்சு. நல்ல நிலை."

இணைப்பில் இரைச்சல் ஓடியது. அவர் வீட்டில் யாரிடமோ ஏதோ சொன்னார். ஒரு பெண் குரல் பதிலுக்கு ஏதோ கேட்டது. கைக்குழந்தை ஒன்று அழுதது. பிறகு அவர் திரும்பி வந்தார்.

"அப்ப அவ அங்கயே இருக்கட்டும் மேடம். வேலூருக்கு நான் பேசிக்கறேன்."